முதுகில் போடும் ஊசிக்குப் பயப்படலாமா?



சென்ற இதழில் கர்ப்ப காலத்துக் கால் வீக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒன்றைக் கீழே வைக்க மனம் வரவில்லை. எழுதியவர் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய். முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

“டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு இது தலைப்பிரசவம். எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. குழந்தை தலை மேலே, கால் கீழேயாக இருக்கிறதாம். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குக்கூட நான் பயப்படவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம் என்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இந்த ஊசி போட்டார்கள். இரண்டு வருஷம் ஆகியும் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. இன்னொருத்தி, தண்டுவடத்தில் பட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறாள். சம்பந்தியம்மாளோ, ஒரேயடியாக மயக்கம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அதுதான் நல்லது என்கிறார். பெண் ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?”

இந்தத் தாயின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறேன். வயிற்றைக் கீறப் போகிறோம் என்றால் ‘சரி டாக்டர்’ என்று தலையாட்டும் பெண்கள், முதுகில் ஊசி என்றதும் முகம் வெளிறிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறோம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஊசி எங்கே போகிறது?

மூளையிலிருந்து தண்டுவடம் என்ற நரம்புக் கயிறு முதுகெலும்பின் நடுவே இறங்கி வருகிறது. அது இடுப்பு வரைக்கும் வருவதாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது விலா எலும்புகள் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உறைக்குள் தெளிந்த நீர் இருக்கிறது. அந்த நீரில் மெல்லிய நரம்பு இழைகள், பிரித்துப் போட்ட நூல் போல, மிதந்துகொண்டிருக்கின்றன. டாக்டர் இடுப்பெலும்பின் மேட்டைக் கையால் தடவிப் பார்த்து, தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசியை வைக்கிறார். ‘தண்டுவடத்தில் ஊசி’ என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், ஊசி போவது அந்த நீருக்குள்தான்.

ஊசியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உங்கள் கையில் ரத்தம் எடுக்கிறார்களே, அந்த ஊசியைவிட மெல்லியது. சிசேரியனுக்குப் போடும் மருந்து சுமார் 2 மில்லி. ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. பெரும்பாலும் ‘புபிவக்கைன்’ என்ற மருந்தைச் சிறிது சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துப் போடுகிறார்கள். சர்க்கரை சேர்ந்தால் மருந்து கனமாகி, போட்ட இடத்தில் கீழே தங்கும். எவ்வளவு உயரத்துக்கு மரத்துப்போக வேண்டும் என்பதைப் படுக்கையைச் சாய்த்துக் கட்டுப்படுத்த அது உதவுகிறது.

ஊசி போடும்போது என்ன நடக்கும்?

தெரியாத விஷயம்தான் ஜாஸ்தி பயமுறுத்தும். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கையில் ஊசி ஏற்றி சலைன் போடுவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒரு கையில், விரலில் ஒரு கிளிப், மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகள். பிறகு மேஜை மேல் உட்காரவைத்து அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். மோவாய் மார்பில் படட்டும், தோள்கள் தொங்கட்டும், பூனை முதுகை வளைப்பது போல வளையுங்கள். வயிறு இடிக்கிறது என்று கூசாதீர்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு போதும். முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி அப்போதுதான் திறக்கும். நர்ஸ் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வார். கிருமிநாசினி முதுகில் ஜில்லென்று வழியும். தோலை மரக்கச் செய்யும் சின்ன ஊசி எறும்பு கடித்த மாதிரி இருக்கும். அதன் பிறகு ஓர் அழுத்தம் தெரியும். அந்தச் சமயத்தில் துள்ளக் கூடாது. பிரசவ வலி வருகிறது என்றால், “டாக்டர், வலி வருது, கொஞ்சம் இருங்க” என்று வாயால் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுளீரென்று இழுத்தாலும் உடனே சொல்லுங்கள். ஊசியைச் சற்றுத் திருப்பிக்கொள்வார்கள்.

மருந்து உள்ளே போனதும் கால்கள் வெதுவெதுப்பாகும், பிறகு கல் மாதிரி கனக்கும். ஐந்து, பத்து நிமிஷத்தில் மரத்துவிடும். ஸ்பிரிட் பஞ்சை வைத்து, “சில்லுனு இருக்கா?” என்று வயிற்றிலிருந்து மேல் நோக்கிக் கேட்டுக்கொண்டே வருவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று ‘இல்லை’ என்று சொல்ல வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வலி இருக்காது, ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும். யாரோ வயிற்றுக்குள் துணி துவைப்பது போல இருந்தது என்று ஒரு பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அது சகஜம். நிஜமான வலி வந்தால் சத்தமாகச் சொல்ல வேண்டும். சில சமயம் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. அப்போது மேற்கொண்டு மருந்து கொடுப்பார்கள், அல்லது முழு மயக்கத்துக்கு மாறுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியது இல்லை.

முழு மயக்கம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

சம்பந்தியம்மாளின் யோசனைக்கு வருகிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஊரில் நடந்தது. வலி கண்டு பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் பிரசவம் ஆகாமல், குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததால் ஒரு பெண்ணை அவசரமாக ஆபரேஷனுக்கு எடுத்துப் போனோம். “ஏதாவது சாப்பிட்டாளா?” என்று வெளியே கேட்டோம். மாமியார் தீர்மானமாகச் சொன்னார்: “பச்சைத் தண்ணிகூடப் படலை டாக்டர்.”

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷனை ஆரம்பித்தோம். குழந்தையை எடுக்கும் நேரம், அந்தப் பெண், “குமட்டுது” என்றாள். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில்தான் இருந்தார். சட்டென்று அவள் முகத்தைத் திருப்பினார். இட்லியும் சாம்பாரும் காபியுமாக வந்தது. விழிப்போடு இருந்ததால் அவளே இருமித் துப்பினாள். நுரையீரலுக்குள் ஒன்றும் போகவில்லை. குழந்தையும் நன்றாக இருந்தது.

வெளியே வந்து மாமியாரிடம் கேட்டேன். அந்த அம்மாள் அழுதுவிட்டார். “வெறும் வயித்தோட எப்படிம்மா பிள்ளை பெறுவா? ரெண்டே ரெண்டு இட்லிதான் கொடுத்தேன். சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவீங்களோன்னு மறைச்சிட்டேன்.”

பாசத்தில் செய்ததுதான். ஆனால் அன்று முழு மயக்கம் கொடுத்திருந்தால்? மயக்கத்தில் இருமல் வராது, விழுங்கவும் தெரியாது. வாந்தி மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர் 1946-ல் இதை விளக்கி எழுதினார். பிரசவ மேஜையில் தாய்மார்கள் மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு காரணம் என்று டாக்டர்கள் அதன் பிறகுதான் நன்றாக உணர்ந்தார்கள். நிறைமாதத்தில் இந்த ஆபத்து ஜாஸ்தி, ஏனென்றால் கர்ப்பப்பை இரைப்பையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. பிரசவ வலியின்போது இரைப்பை காலியாவதும் மெதுவாகிவிடும். அதோடு கர்ப்பிணிகளுக்குத் தொண்டை வீங்கியிருப்பதால் மூச்சுக் குழாயில் டியூப் வைப்பதும் சிரமமாகலாம். மயக்க மருந்து கொஞ்சம் குழந்தைக்கும் போகும்.

இந்தக் காரணங்களால்தான் சிசேரியனுக்கு முதுகு ஊசியை முதலில் யோசிக்கிறார்கள். உங்கள் குழந்தையின் முதல் அழுகையை நீங்களே கேட்கலாம், சீக்கிரமே மார்பில் அணைத்துப் பாலும் கொடுக்கலாம். முழு மயக்கம் கெட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரத்தம் நிறையப் போய்க்கொண்டிருந்தால், ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாத நிலை என்றால், முழு மயக்கம்தான் உயிரைக் காக்கும். எது வேண்டும் என்பதை உங்கள் உடம்பைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

இடுப்பு வலிக்கு யார் காரணம்?

‘அந்த ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி’ என்று சொல்லாத பெண்ணே கிடையாது போலிருக்கிறது! ஊசி குத்திய இடம் இரண்டு மூன்று நாள் தொட்டால் வலிக்கும், அது உண்மை. ஆனால் வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இருப்பதாக ஆராய்ச்சிகளில் தெரியவரவில்லை. சுகப்பிரசவமாகி, முதுகில் ஊசியே படாத பெண்களுக்கும் இதே வலி வருகிறது.

பின்னே எதனால்? கர்ப்ப காலத்துச் சுரப்புகள் இடுப்பு மூட்டுகளின் நார்களைத் தளர்த்திவிடுகின்றன. வயிற்றுத் தசைகள் விரிந்து வலு இழக்கின்றன. முதுகுக்கு முன்பக்கம் இருந்த தாங்கல் போய்விடுகிறது. அதோடு நாள் ஒன்றுக்குப் பத்துத் தடவை கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுக்கிறோம். தொட்டிலிலிருந்து குனிந்து தூக்குகிறோம். மூன்றாம் மாதமே தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிவிடுகிறோம். கடிதத்தில் சொன்ன தெருப் பெண்ணின் இடுப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக வலிக்கிறது என்றால், ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், அவரை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ரத்தசோகையா, வைட்டமின் டி குறைவா, வட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஊசி மேல் பழி போடுவதில் இதுதான் பெரிய நஷ்டம். உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை.

பால் கொடுக்கும்போது முதுகுக்கு ஒரு தலையணை, குழந்தைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள், நீங்கள் குனியாதீர்கள். டாக்டர் சம்மதித்த பிறகு வயிற்றுத் தசைப் பயிற்சிகளை ஆரம்பியுங்கள்.

நிஜமான ஆபத்துகள்

ஆபத்தே கிடையாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

அடிக்கடி வருவது ரத்த அழுத்தம் இறங்குவது. திடீரென்று குமட்டும், காது அடைக்கும், கண் இருட்டும். உடனே தலைமாட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால், சலைனை வேகப்படுத்தி, மருந்து கொடுத்துச் சரி செய்துவிடுவார். கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்க உங்களை லேசாக இடது பக்கம் சாய்த்தும் வைப்பார்கள். நடுக்கம் வரலாம், அது பயத்தினால் மட்டும் வருவது அல்ல. சில மருந்துகளால் அரிப்பு வரலாம். சிறுநீர் கழிக்கத் தெரியாது என்பதால் டியூப் போட்டிருப்பார்கள்.

அபூர்வமாக மருந்து மிக மேலே ஏறிவிட்டால் கைகள் பலமிழக்கும், மூச்சு விடுவது சிரமமாகும். மயக்க மருந்து டாக்டர் மூச்சுக்கு உதவி செய்து, மருந்தின் வேகம் தணியும் வரை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஊசி போடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. ஆபரேஷன் முடியும் வரை அவர் கூடவே இருக்க வேண்டும். ‘மயக்க மருந்து டாக்டர் கடைசி வரை இருப்பாரா? பிராணவாயு, மூச்சுக்கு உதவும் கருவிகள் தியேட்டரில் இருக்கின்றனவா?’ என்று முதல் நாளே மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கால் விளங்காமல் போகுமா? அந்தப் பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1947 அக்டோபர் 13-ஆம் தேதி இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் என்ற ஊரில், ஒரே நாளில் சிறிய ஆபரேஷன்களுக்காக இந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டு ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. 1953-ல் வழக்கு விசாரணைக்கு வந்தது. மருந்துக் குப்பிகளை ஊறவைத்த கிருமிநாசினி, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே உள்ளே கசிந்திருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தைச் சுத்தம் செய்த அமிலம் காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்து டாக்டர்கள் கருதினார்கள். எப்படிப் பார்த்தாலும் தப்பு அசுத்தத்தில்தான். அதன் பிறகு பிரிட்டனில் பல வருஷங்கள் மக்களும் டாக்டர்களும் இந்த ஊசிக்குப் பயந்தார்கள். இன்றைக்கு ஊசி ஒரே தடவை உபயோகித்து எறிவது, குப்பி ஒரே ஆளுக்கானது.

அதே பிரிட்டனில் ஸ்பைனல், எபிட்யூரல் போன்ற முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்து 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் போட்ட ஊசிகள் ஏறக்குறைய 7 லட்சம். நிரந்தரமான பாதிப்பு ஏற்பட்டது லட்சத்தில் 2 முதல் 4 பேருக்கு. அதிலும் பிரசவத்துக்காக ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு அது இன்னும் குறைவு. பூஜ்யம் இல்லை, ஆனால் மிக மிக அபூர்வம்.

மனிதத் தவறுகளும் உண்டு. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரனெக்ஸாமிக் அமிலத்தின் குப்பியைப் பார்வைக்கு ஒன்று போல இருந்ததால் மாற்றி எடுத்து முதுகில் போட்டுவிட்ட சம்பவங்கள் பற்றி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. இரண்டு மருந்துகளையும் தனித்தனி இடத்தில் வைத்து, பெயரை உரக்கப் படித்துவிட்டுப் போட வேண்டும் என்பது இதிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பாடம்.

மறைக்கக் கூடாதவை

நான் பார்த்த வரையில், ஊசியைவிட நம் வீட்டார் மறைக்கும் விஷயங்கள்தான் பெண்களை அதிகம் சங்கடத்தில் மாட்டிவிடுகின்றன. ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டர் வரும்போது படித்துக் காட்டுங்கள்.

1. கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு? தேதி குறித்த ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்னதாகவே உணவை நிறுத்த வேண்டும். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். ‘காபிதானே’ என்று நினைக்காதீர்கள். பால் கலந்த காபி, ஹார்லிக்ஸ், கஞ்சி எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். உங்கள் மருத்துவமனையில் வேறு நேரம் சொன்னால் அதன்படி நடங்கள்.

2. ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறீர்களா? ஹெப்பாரின் வகை ஊசியைக் கர்ப்ப காலத்தில் சிலருக்குப் போடுகிறார்கள். கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பது முக்கியம். இல்லாவிட்டால் முதுகினுள் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். ஆஸ்பிரின் எடுப்பதையும் சொல்லுங்கள்.

3. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதா? உடம்பில் காரணமில்லாமல் கன்றிப் போகிறதா? தட்டணுக்கள் குறைவு என்று யாராவது சொன்னார்களா?

4. இதயத்தில் வால்வு கோளாறு, சிறு வயதில் மூட்டு வாதக் காய்ச்சல், வலிப்பு, ஆஸ்துமா, முதுகில் ஆபரேஷன், முதுகு வளைவு, ஊசி போடும் இடத்தில் கட்டி அல்லது சொறி.

5. இதற்கு முன்னால் மயக்க மருந்தினால் உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்கோ கஷ்டம் வந்ததா? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?

கல்யாணத்துக்கு முன் வலிப்பு வந்ததைப் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மறைத்த பெண்கள் எனக்குத் தெரியும். உறவினர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், “டாக்டர், உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். போதும்.

இன்னொன்று. சம்மதக் கையெழுத்து போட வேண்டியவள் உங்கள் மகள். நீங்களோ சம்பந்தியோ மாப்பிள்ளையோ பக்கத்தில் இருக்கலாம். ஆனால் அவள் கேட்டுப் புரிந்துகொண்டு போட வேண்டும்.

வார்டுக்கு வந்த பிறகு

கால்களில் உணர்வு திரும்பச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பாதம் ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைத்துவிடாதீர்கள். சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். கம்பளியால் போர்த்தினால் போதும். முதல் முறை எழுந்து நிற்கும்போது நர்ஸ் கூட இருக்கட்டும். ‘கால் வந்துடுச்சு’ என்று தானாக எழுந்து விழுந்தவர்கள் உண்டு.

தலையணை இல்லாமல் 24 மணி நேரம் மட்டமாகப் படுத்தால் தலைவலி வராது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அப்படிப் படுப்பதால் தலைவலி தடுக்கப்படுவதில்லை என்று இப்போது தெரிகிறது. தண்ணீரையும் குறைக்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. உடம்பில் நீர் வற்றினால் தலைவலி வாட்டும், தாய்க்குக் களைப்பும் தீராது.

இந்தத் தலைவலிக்கும் ஒரு கதை உண்டு. 1898-ல் ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் ஆகஸ்ட் பியர்தான் முதன்முதலில் இந்த முறையில் ஆபரேஷன் செய்தவர். தம் மேலேயே சோதித்துப் பார்க்க நினைத்தார். உதவியாளர் ஹில்டெப்ராண்ட் அவர் முதுகில் ஊசியைச் செலுத்தியபோது, சிரிஞ்சு ஊசியில் பொருந்தாமல் முதுகு நீர் நிறைய வெளியே ஒழுகிவிட்டது. அதன் பிறகு பியர் ஒன்பது நாள் படுத்த படுக்கை. எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை.

காரணம் இதுதான். உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிந்தால், நிமிர்ந்து உட்காரும்போது தலை வலிக்கும். இன்றைய மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகளால் இது நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் வருகிறது. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தொடங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகும்.

ஒரு பெண் மூன்றாம் நாளிலிருந்து எழுந்து உட்கார முடியாமல் தவித்தாள். “பச்சை உடம்பு, பனி பட்டிருக்கும்” என்று வீட்டில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் காரில் படுக்கவைத்து அழைத்து வந்தார்கள். மாத்திரைக்கும் தணியாததால், மயக்க மருந்து டாக்டர் அவள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் அதே இடத்தில், உறைக்கு வெளியே செலுத்தினார். ரத்தம் உறைந்து துளையை அடைத்துவிடும். சாயங்காலம் அவள் உட்கார்ந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் முன்னாலேயே வந்திருக்கலாமே!

எல்லாத் தலைவலியும் ஊசித் தலைவலி அல்ல. படுத்தாலும் குறையாத தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் பலவீனம், கழுத்து விறைப்போடு காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின்னும் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரலாம், மூளை ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். அதே மாதிரி, வந்த கால் உணர்வு மறுபடி மரத்துப் போனாலும், ஆறு மணி நேரம் ஆகியும் கால் அசையாவிட்டாலும், டியூபை எடுத்த பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, முதுகில் கடும் வலியோடு காய்ச்சல் வந்தாலும், ராத்திரி என்று பார்க்காமல் டாக்டரை எழுப்புங்கள். இவை அபூர்வம்தான். ஆனால் சில மணி நேரத் தாமதத்தில் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

சில கேள்விகள்

“முதல் சிசேரியனுக்கு முதுகு ஊசி போட்டார்கள். இரண்டாவதுக்கும் போடலாமா?” போடலாம். முதல் தடவை தலைவலியோ வேறு தொந்தரவோ இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

“ஊசி மருந்து தாய்ப்பாலில் கலக்குமா?” பாலில் போவது மிக மிகச் சொற்பம். குழந்தைக்குத் தீங்கு இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கப் பாருங்கள்.

“மாமியாருக்கு வயது 65. கர்ப்பப்பை எடுக்கப் போகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மாத்திரை சாப்பிடுகிறார். முதுகு ஊசி போடலாமா?” அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, சாப்பிடுவதை மறைக்கவும் கூடாது. இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். மாத்திரைச் சீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

கும்பகோணம் பக்கத்துச் சகோதரிக்கு: மகளைக் கூட்டிக்கொண்டு ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நாள் மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள். மேலே சொன்ன தாளையும் எடுத்துப் போங்கள். அவள் கேள்விகளை அவளே கேட்கட்டும். சம்பந்தியம்மாளையும் அழைத்துப் போங்கள், அவருக்கும் நாலு சந்தேகம் இருக்கும். அன்று காலையில் மகள், “பசிக்குதும்மா” என்பாள். உங்கள் மனசு கேட்காதுதான். தலையைத் தடவிக் கொடுங்கள், இட்லி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பேரனோ பேத்தியோ பிறந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

அடுத்த இதழில்: பிரசவத்துக்குப் பின் ரத்தசோகை. கேள்விகளைச் சுருக்கமாக எழுதுங்கள்.